லீவரில் கட்டியிருந்த கம்பி

"இயந்திரம் எளிமையாக இருக்க வேண்டும்" என்று நான் சொல்லாத நாள் குறைவு. மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறையில் சொந்தமாகப் பட்டறை வைத்த நாளிலிருந்து, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வேலை கேட்டு வருகிற முதலாளிகளிடமும் வேலை பழக வருகிற பையன்களிடமும் இதே பாட்டைத்தான் பாடி வந்திருக்கிறேன். பம்பு, வால்வு, சிலிண்டர், எண்ணெய்த் தொட்டி; இவற்றுக்கு மேல் ஒன்றைச் சேர்ப்பதென்றால் தகுந்த காரணம் வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியை இன்றும் நான் விட்டுவிடவில்லை. ஆனால் எளிமை என்று எதைச் சொல்கிறோம், அது யாருக்கு எளிமை என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு லீவரில் சுற்றிக் கட்டியிருந்த ஒரு முழம் கம்பி.

நான் தொழில் பழகியது மண்வாரி இயந்திரங்களில். பத்தொன்பது வயதில் புக்கிட் மெர்தாஜத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். கல்லுடைக்கும் மலைகளிலிருந்து வரும் இயந்திரங்களின் சேற்றைக் கழுவுவதுதான் முதல் ஆறு மாத வேலை. அதன் பிறகே ஸ்பானரைத் தொடவிட்டார்கள். 20 டன் மண்வாரி ஒன்றின் பம்புகள் 350 பார் அளவுக்கு அழுத்தம் கொடுப்பவை; ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். ஆனால் இயக்குபவர் லீவரிலிருந்து கையை எடுத்த மறுகணம் அவை தாமாகவே அடங்கிவிடும். எண்ணெய் கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். அந்த அறிவு பம்புக்குள்ளேயே இருக்கிறது. நாலு அசைவுகளை ஒரே நேரத்தில், அதுவும் முட்டையை எடுத்து வைப்பதுபோல் நிதானமாகச் செய்ய வேண்டிய இயந்திரத்துக்கு அந்தச் சிக்கல் தேவை. அதில் எனக்குக் குறையே இல்லை.

பின்னர் சொந்தத் தொழில் தொடங்கியபோது நான் போய் நின்ற இடங்கள் வேறு. பிறையிலும் பத்து காவானிலும் தகரக் கொட்டகைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள். அமுக்கும் இயந்திரம், தூக்கும் மேடை, வளைக்கும் இயந்திரம். முன்னும் பின்னும் போய்வருவதைத் தவிர வேறு வேலை தெரியாத சிலிண்டர்கள். அங்கேயும் மண்வாரிக்குரிய பம்புகளையும் மின்னணு வால்வுகளையும் வைத்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எட்டு மாதம் அழகாக ஓடும். பிறகு ஒரு நாள் நின்றுவிடும். தூசி எண்ணெய்க்குள் போயிருக்கும். பழுது பார்க்கும் ஆளுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. உதிரிப் பாகம் கடல் தாண்டி வர வேண்டும். கூலி வாங்கும் ஆட்கள் இயந்திரத்தைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எளிமைக் கட்சியில் சேர்ந்தேன்.

இரட்டைப் பம்பு

2016-இல் பிறையில் பழைய அட்டைப்பெட்டி வாங்கி விற்கும் ஒரு நிலையத்துக்கு அமுக்கும் இயந்திரம் ஒன்றின் ஹைட்ராலிக் பகுதியைச் செய்து கொடுத்தேன். படுக்கை வாட்டில் இருக்கும் இயந்திரம். மேலிருந்து அட்டையைக் கொட்ட, தகடு ஒன்று நகர்ந்து வந்து எதிரிலுள்ள மூடிய கதவோடு சேர்த்து அமுக்கும். பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கினால் ஒரு கட்டு. சிலிண்டரின் உள்விட்டம் 160 மில்லிமீட்டர், ஓட்டம், அதாவது தகடு நகரும் தூரம், 1.2 மீட்டர். 200 பாரில் 40 டன் விசை.

தவுக்கேயிடம், அதாவது நிலையத்து முதலாளியிடம், ஏற்கெனவே இருந்த பழைய இயந்திரத்தில் நிமிடத்துக்கு 54 லிட்டர் தரும் ஒற்றைப் பம்பும் 22 கிலோவாட் மோட்டாரும் இருந்தன. ஒரு முறை நீள்வதற்கு 27 விநாடி. "மெதுவாக இருக்கிறது, பெரிய மோட்டார் போடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாரம் இல்லாத வண்டியை ஓட்டமாகத் தள்ளலாம். பாரம் ஏறிய பிறகு அதே ஆள் அடிமேல் அடி வைத்துத்தான் தள்ள வேண்டும். அட்டை அமுக்குவதும் அப்படித்தான். முதல் முக்கால் பங்கு தூரம் காற்றையும் தளர்ந்த அட்டையையும் தள்ளும் வேலை. அதற்கு அழுத்தம் தேவையில்லை, வேகம்தான் தேவை. கடைசிக் கால் பங்கில்தான் இயந்திரம் முக்க வேண்டியிருக்கிறது.

எனவே ஒரே அச்சில் இரண்டு கியர் பம்புகள். பெரியது நிமிடத்துக்கு 90 லிட்டர், சிறியது 36. தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து தள்ளும். அழுத்தம் 50 பாரைத் தொட்டதும் ஒரு வால்வு திறந்து, பெரிய பம்பின் எண்ணெயைச் சிரமமில்லாமல் தொட்டிக்கு அனுப்பிவிடும். மிச்சத் தூரத்தைச் சின்னப் பம்பு மட்டும் 200 பார் வரை தள்ளும். அழுத்தத்தைப் பாரிலும் எண்ணெய் பாயும் அளவை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். முதல் கட்டத்தில் 126 லிட்டர், 50 பார்: பத்தரை கிலோவாட். இரண்டாம் கட்டத்தில் 36 லிட்டர், 200 பார்: 12 கிலோவாட். ஆக 15 கிலோவாட் மோட்டார் போதும். மோட்டார் சிறியதாகிவிட்டது. ஆனால் 27 விநாடி 19 விநாடியாகக் குறைந்துவிட்டது. மின்னணு எதுவும் இல்லை. எந்தப் பட்டறைக்காரனும் ஒரு பிரஷர் மீட்டரை வைத்துக்கொண்டு பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பல்ல. மரம் பிளக்கும் இயந்திரங்களிலும் அமுக்கிகளிலும் நெடுங்காலமாகப் புழங்குவதுதான். இருந்தாலும் அதை ஓடவிட்டு முதல் கட்டு வெளியே வந்தபோது நெஞ்சு நிறைந்துபோனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பழகும் பையன்கள் எல்லோரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். சிலிண்டர் பின்வாங்கும்போது பம்பு கொடுப்பது 126 லிட்டர்தான். ஆனால் அந்த எண்ணெய் போவது, தகட்டைத் தள்ளும் தண்டு அடைத்துக்கொண்டிருக்கும் ஒடுங்கிய பக்கத்துக்கு. எதிர்ப் பக்கத்திலிருந்து வெளியேறுவது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இயந்திரத்தில் அது நிமிடத்துக்கு 240 லிட்டர். பம்பின் அளவைப் பார்த்து வால்வையும் திரும்பும் குழாயையும் வடிகட்டியையும் வாங்கினால், வடிகட்டி பிதுங்கி வெளியே வந்துவிடும். இதை நான் மறக்கவில்லை. பெரிய வால்வு, அகலமான குழாய், எல்லாம் கணக்காகப் போட்டேன். மறந்தது வேறொன்று.

சூடு

அடுத்த ஆண்டு தவுக்கேயிடமிருந்து அழைப்பு வந்தது. எண்ணெய் கொதிக்கிறது, பத்தரை மணிக்கு மேல் தொட்டியில் கை வைக்க முடியவில்லை, சிலிண்டரின் தண்டுப் பக்கம் ஒழுகுகிறது. மதிய உணவு நேரத்தில் போனேன். இயந்திரம் ஓய்ந்திருந்தது. வெப்பமானி 78 டிகிரி காட்டியது. எண்ணெய் கறுத்திருந்தது.

நம் ஊர் வெயிலில் ஹைட்ராலிக் எண்ணெய் சூடாவது ஒன்றும் புதிதல்ல. 200 லிட்டர் தொட்டியின் இரும்புச் சுவர் எல்லாப் பக்கமும் சேர்த்தால் 2 சதுர மீட்டர் இருக்கும். கொட்டகைக்குள் 34 டிகிரி. எண்ணெயை 65-இல் நிறுத்த வேண்டுமென்றால் அந்தச் சுவர்கள் வெளியே விடக்கூடிய வெப்பம் முக்கால் கிலோவாட்டுதான். குளிர்நாட்டில் அதே தொட்டி, வெளியே 15 டிகிரி இருக்கும்போது, ஒரு கிலோவாட்டுக்கு மேல் விட்டுவிடும். அந்த நாடுகளில் எழுதப்பட்ட அட்டவணைகளைப் பார்த்துத் தொட்டி செய்தால் இங்கே மூன்றில் ஒரு பங்கு கையைக் கடிக்கும். அதையே காரணமாக எடுத்துக்கொண்டேன். 46-ஆம் எண் எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 68-ஆம் எண் எண்ணெயை ஊற்றினேன். திரும்பும் குழாயில் விசிறி வைத்த ஒரு கூலரைப் பொருத்தினேன். தண்டைச் சுற்றி ஒழுகலைத் தடுக்கும் சீலை மாற்றினேன். சூடு 64-க்கு இறங்கியது. பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்று அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சூடு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவேயில்லை. சூட்டை எப்படி வெளியேற்றுவது என்றுதான் கேட்டேன். ஹைட்ராலிக்கில் சூடு என்பது வழி தவறிய வேலை. மோட்டார் மின்சாரத்தைக் குடித்து எண்ணெய்க்குக் கொடுத்த ஆற்றலில், அட்டையை அமுக்கப் போகாத ஒவ்வொரு துளியும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். போவதற்கு வேறு இடமில்லை. நான் செய்தது, காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை மறுபடியும் காசு கொடுத்து விரட்டும் ஏற்பாடு.

மூன்று மாதத்தில் மறுபடியும் அழைப்பு. கூலரின் செதில்களுக்கிடையே அட்டைத் தூசி பஞ்சுமெத்தைபோல் அப்பியிருந்தது. விரலால் உரித்தால் பாளம் பாளமாக வந்தது. காற்று நுழைய வழியே இல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். ஆறு வாரத்தில் மீண்டும் அதே மெத்தை, அதே 78.

எட்டரை மணி

அன்று பட்டர்வொர்த்தில் வேறொரு வேலை கடைசி நேரத்தில் தள்ளிப்போய்விட்டது. காலை எட்டரை மணி. வந்ததுதான் வந்தோம், தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் அந்த நிலையத்துக்குப் போனேன். வாயிலைத் தாண்டும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ரிலீஃப் வால்வு கத்தும் சத்தம். அழுத்தம் எல்லையைத் தாண்டும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திறந்துவிடும் காவல் வால்வு அது. ஒரு விநாடி கத்தினால் அது தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். இது நின்றபாடில்லை. பல்லைக் கூசவைக்கும் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தது.

உள்ளே போனேன். இயந்திரத்தை இயக்கும் அண்ணன் லீவருக்குப் பக்கத்திலேயே இல்லை. அந்தப் பக்கம் குனிந்து, தகட்டின் பள்ளத்துக்குள் கையை விட்டுக் கட்டுக்கம்பியைக் கோத்துக்கொண்டிருந்தார். லீவர் மட்டும் அமுக்கும் பக்கமாக முழுவதும் சாய்ந்திருந்தது. கையை எடுத்தால் நடுநிலைக்குத் திரும்பும்படி ஸ்பிரிங் வைத்து நான் போட்ட லீவர். அதன் கழுத்தில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தோடு இழுத்து முறுக்கியிருந்தார். கம்பி துருப்பிடித்திருந்தது. லீவரின் பெயிண்ட் அந்த இடத்தில் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஒருநாள் இரண்டுநாள் கட்டியதில் வருகிற தேய்மானமல்ல அது.

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. பம்பு முழு விசையோடு தள்ளிக்கொண்டிருக்கும் தகட்டுக்குப் பக்கத்தில் மனிதனின் கை. ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். "என்ன அண்ணே இது? கையே போய்விடுமே!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆள் வரும் நேரத்தில் கம்பியை அவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். இதுவரை நான் அதைப் பார்க்காமல் போனதற்கு அதுதான் காரணம். அன்று பிடிபட்டுவிட்டார். ஆனால் பயப்படவில்லை.

"கையை எடுத்தால் அட்டை திருப்பித் தள்ளுகிறது, தம்பி. நாலு கம்பி கட்டி முடிப்பதற்குள் தகடு நாலு விரற்கடை பின்னால் வந்துவிடும். கட்டு தொளதொளவென்று போய்விடும். லோரியில் ஏற்றும்போதே அவிழ்ந்தால் தவுக்கே என்னைத்தான் கேட்பார். ஒரு கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எப்படிக் கம்பி முறுக்குவது? எனக்கு இருப்பது இரண்டு கைதானே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் வரைந்த படத்தில், லீவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டரின் இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கும். படம் அப்படிச் சொல்கிறது. ஆனால் வால்வுக்குள் வழிகளைத் திறந்து மூடும் ஸ்பூல் என்ற உருளை வழுக்கி நகர வேண்டுமென்றால் அதைச் சுற்றித் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியாவது இருக்க வேண்டும். 200 பாரில் நிற்கும் எண்ணெய் அந்த இடைவெளி வழியாகச் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சூடேறி எண்ணெய் தண்ணீராக இளகினால் இன்னும் வேகமாகக் கசியும். கசிந்தால் அவர் இன்னும் அதிக நேரம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் இன்னும் சூடாகும். இந்தச் சக்கரத்தை அவர் கம்பியால் சமாளித்துக்கொண்டிருந்தார். நான் கூலரால்.

மறுபடி மோட்டாரைப் போட்டு, கம்பியில்லாமல், லீவரை ஒரு பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு கம்பி கட்டி முடிக்க 4 நிமிடம் 10 விநாடி. ஒரு மணி நேரத்துக்கு மூன்று கட்டு.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகடு நிற்கிறது. எதுவும் நகரவில்லை. விசை எவ்வளவு இருந்தாலும் தூரம் சுழியம் என்றால் வேலையும் சுழியம். ஆனால் சின்னப் பம்பு 36 லிட்டரை 200 பாரில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 12 கிலோவாட்டும் ரிலீஃப் வால்வு வழியாக அப்படியே சூடாகித் தொட்டிக்குள் இறங்குகிறது. ஆறு மின்சாரக் கெட்டில்களை எண்ணெய்க்குள் முக்கி வைத்து நாலு நிமிடம் ஓடவிட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஒவ்வொரு கட்டுக்கும் 9 டிகிரி ஏறும். இடையில் இரண்டு மூன்று டிகிரி ஆறும். எட்டு மணிக்கு 30-இல் தொடங்கினால் பத்தரை மணிக்கு 75. வெப்பமானி இவ்வளவு நாளும் என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதற்கடுத்த வரியைப் போட்டபோதுதான் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். அட்டையை ஒருமுறை முழு ஓட்டம் அமுக்குவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டேன். அமுக்கி முடித்தபின் நாலு நிமிடம் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் செலவாகிக்கொண்டிருந்தது. இரட்டைப் பம்பு வைத்து மோட்டாரைச் சிறிதாக்கினேன், எட்டு விநாடியை மிச்சம் பிடித்தேன் என்று நான் பூரித்துப்போன இயந்திரம், அசையாமல் நிற்கும் நேரத்தில்தான் அத்தனையையும் தின்றுகொண்டிருந்தது. தவுக்கேயிடம் டன் கேட்டேன், ஓட்டம் கேட்டேன், வேகம் கேட்டேன், மின் இணைப்பு எவ்வளவு என்று கேட்டேன். அமுக்கிய பிறகு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆளிடம் நான் அதற்கு முன் முழுதாக ஐந்து நிமிடம் பேசியதுகூட இல்லை.

சேர்த்ததால் எளிமையானது

என்னிடம் வேலை செய்த பையன், பாலிடெக்னிக் முடித்தவன், நல்ல கெட்டிக்காரன், ஒரு யோசனை சொன்னான். கியர் பம்பைக் கழற்றிவிட்டு, அழுத்தம் எல்லையைத் தொட்டதும் தான் தரும் எண்ணெயைத் தானே ஏறக்குறைய சுழியத்துக்குக் குறைத்துக்கொள்ளும் பிஸ்டன் பம்பைப் போடலாம் என்றான். தவறே இல்லாத யோசனை. எண்ணெய் சுத்தமாக இருக்கும் ஓர் ஆலையென்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கூலரில் மெத்தை மெத்தையாக அப்பிய தூசி என் கண்முன் இருந்தது. கியர் பம்பு தாங்கும் அழுக்கைப் பிஸ்டன் பம்பு தாங்காது. நைட்ரஜன் அடைத்த அக்குமுலேட்டரில் அழுத்தத்தைச் சேமித்துவைக்கலாம் என்பது இன்னொரு வழி. அந்த நிலையத்தில் நைட்ரஜன் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்கப்போவது யார்?

முடிவில் இரண்டே மாற்றங்கள் செய்தேன். சிலிண்டரின் வாயிலேயே ஒரு பைலட் செக் வால்வு. எண்ணெய் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. பின்வாங்கும் பக்கம் அழுத்தம் ஏறினால்தான் அந்த வால்வு திறக்கும். ஸ்பூலைப்போல் இடைவெளியை நம்பி அது நிற்பதில்லை. கூம்பு வந்து வளையத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் கூடக்கூட இன்னும் அழுத்தி உட்காருகிறது. ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அமுக்கிக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில், தண்டைச் சுற்றித் தண்ணீர் பீறிடுவதுதான் அவருக்குப் பெருந்தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலாலான ஒரு கிண்ண வளையத்தைப் போட்டு அதைத் தீர்த்தார் என்று சொல்வார்கள். அழுத்தமே அந்தத் தோலை விரித்துத் தண்டோடு இறுக்கிவிடும். எதிர்த்து நிற்பதையே வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் அந்த யோசனையின் அழகு இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

இரண்டாவது மாற்றம், ஸ்பூல். நடுநிலையில் வழிகளை அடைக்கும் பழைய ஸ்பூல் இருந்தால் செக் வால்வுக்குப் பின்னால் எண்ணெய் மாட்டிக்கொண்டு, அது முழுதாக மூடாமல் போகலாம். ஆகவே நடுநிலையில் எல்லா வழிகளும் தொட்டிக்குத் திறந்திருக்கும் ஸ்பூலை மாற்றிப் போட்டேன். இனி அவர் லீவரிலிருந்து கையை எடுத்தால் கூம்பு மூடிக்கொள்ளும், அட்டை அமுங்கியபடியே நிற்கும், பம்புகள் இரண்டும் 5 பாரில் சும்மா சுற்றும். 12 கிலோவாட் போய் ஒரு கிலோவாட்.

வால்வைப் பொருத்திய முதல் நாள் ஒரு தவறு செய்தேன். 200 பாரில் அடைபட்ட எண்ணெய் கொஞ்சம் சுருங்கியிருக்கும். 24 லிட்டரில் கால் லிட்டருக்கு மேல். நான் வாங்கிய வால்வு ஒரேயடியாகத் திறக்கும் வகை. பின்வாங்கும் பக்கம் லீவரைத் தள்ளியதும் வெடி வெடித்ததுபோல் சத்தம். குழாய் துள்ளி எழுந்தது. அண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டார். மறுநாளே அதைக் கழற்றிவிட்டு, முதலில் சின்னத் துளை வழியாக அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பிறகு முழுதாகத் திறக்கும் வகையைப் போட்டேன். செக் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு பிரஷர் மீட்டரையும் வைத்தேன். உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாத இயந்திரத்தில் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. முள் சுழியத்துக்கு வந்த பிறகே கதவு என்று அண்ணனிடம் சொன்னேன். அதை மலாயிலும் எழுதி ஒட்டினேன்.

எண்ணிப் பார்த்தால் பாகங்கள் கூடிவிட்டன. ஒரு செக் வால்வு, அதைத் திறக்க அழுத்தத்தைக் கொண்டுவரும் ஒரு பைலட் குழாய், ஒரு மீட்டர். என் பழைய கட்சிப்படி இயந்திரம் சிக்கலாகிவிட்டது. ஆனால் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்கு இரண்டு கையும் கிடைத்துவிட்டன. அன்று மாலை வரை எண்ணெய் 50 டிகிரியைத் தாண்டவில்லை. கூலர் விசிறி மதியத்தில் கொஞ்ச நேரம் ஓடியதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தண்டுச் சீல் நாலு ஆண்டுகள் தாங்கியது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த அமைதி. அமுக்கி முடித்ததும் மோட்டாரின் மெல்லிய உறுமல் மட்டும். கம்பி முறுக்கும் கிரீச்சென்ற சத்தம் வாயில் வரை கேட்டது.

அண்ணன் அந்தத் துருப்பிடித்த கம்பியை அவிழ்த்து நிமிர்த்தி, வீணாக்காமல் அடுத்த கட்டிலேயே வைத்துக் கட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் யாராவது புது இயந்திரம் கேட்டால் நான் முதல் நாள் படம் வரைவதில்லை. பழைய இயந்திரம் ஓடும் இடத்துக்குப் போய், இயக்குபவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு காலைப்பொழுது முழுக்க உட்காருகிறேன். நகரும் நேரம் ஒரு பக்கம், நிற்கும் நேரம் ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுகிறேன். நிற்கும் பக்கம் பெரும்பாலும் நீளமாக இருக்கிறது. இதற்குக் கட்டணம் கேட்டால் சில முதலாளிகள் முகம் சுளிக்கிறார்கள். சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. பரவாயில்லை.

அண்ணன் இரண்டாண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த இயந்திரத்தை ஒரு நேப்பாளத்துப் பையன் இயக்குகிறான். சென்ற மாதம் எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். மீட்டரின் கண்ணாடியில் 180-க்கு நேரே சிவப்பு டேப்பை மெல்லியதாகக் கிழித்து ஒட்டியிருந்தான். எதற்கு என்று மலாயில் கேட்டேன். முள் அங்கே வந்ததும் கையை எடுத்துவிடுவானாம். 200 வரை போனால் வால்வு கத்துகிறது, 180-இலேயே கட்டு இறுகிவிடுகிறது, பிறகு எதற்குக் கத்தவிட வேண்டும் என்றான். நாலைந்து கட்டுகளை அழுத்திப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஸ்பானரை எடுத்து ரிலீஃப் வால்வைத் தொடப்போனவன், யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன். நோட்டில் 180 என்று எழுதிக்கொண்டேன். அடுத்து பத்து காவானில் இதேபோல் ஓர் இயந்திரம் செய்ய வேண்டியிருக்கிறது. அதன் மீட்டரில் சிவப்புக் கோட்டை நானே வரைந்து கொடுக்கப்போகிறேன், ஆனால் எந்த எண்ணில் என்பதை அங்கே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்த பிறகுதான் சொல்ல முடியும்.